உதயசங்கர் வரலாறு: திருத்தி எழுத வேண்டிய பக்கங்கள்

பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அவர் மறைவோடு எழுதி முடிந்துவிடுவதில்லை. மறைந்த சில ஆண்டுகளுக்குள் எழுதப்பெறுவது பெரும்பாலும் புகழ்மாலையாகவே அமையும். பின்னர் நாட்குறிப்புகள் அச்சேறும். உடனிருந்தோர் தம் நினைவுகளை நூலாக்குவர். மறைந்து கிடந்த படச்சுருள்கள் வெளிச்சத்திற்கு வரும். அவற்றை எல்லாம் ஒப்பிட்டு நோக்கும்போது, முன்னர் நாம் உறுதியென நம்பியிருந்த சில செய்திகள் தளர்ந்துபோகும். கேட்டிராத சில பெயர்கள் எழுந்து நிற்கும். இந்திய நவீன நடனத்தின் முன்னோடி எனப் போற்றப்பெறும் உதயசங்கரின் (1900–1977) வரலாறு இத்தகைய திருத்தத்திற்கு உள்ளாகி வரும் வரலாறு. அது எங்கே திருந்தியிருக்கிறது, இன்னும் எங்கே திருந்த வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைஞர் ஒருவரின் வரலாற்றை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எண்ணிப் பார்ப்போம். மாதவி மேடையேறுவதைக் கூற வந்த இளங்கோவடிகள், அவள் ஆடலை உடனே வருணிக்கத் தொடங்கவில்லை. ஆடலாசிரியனின் தகுதி யாது, இசையாசிரியன் எத்தகையவன், பாடல் இயற்றிய புலவன் எத்தகையவன், தண்ணுமை முழக்குவோனும் குழல் ஊதுவோனும் யாழ் மீட்டுவோனும் எவ்வெத் திறமுடையோர் என வரிசைப்படுத்திக் கூறுகிறார். அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என அளந்து காட்டுகிறார். அதன் பின்னரே மாதவி வலக்கால் முன்வைத்து ஏறுகிறாள். இத்தனை பேரைச் சொன்னதனால் மாதவியின் பெருமை குன்றிவிட்டதா? இல்லை. அவள் ஆடல் எத்தனை உழைப்பின் விளைவு என்பது தெளிவாகி, அது மேலும் உயர்ந்தே நிற்கிறது. இவ்வளவுகோலைக் கையில் கொண்டு உதயசங்கர் வரலாற்றை அணுகுவோம்.

வழங்கிவரும் வரலாறு

பலரும் அறிந்த கதை இது. 1900 டிசம்பர் 8ஆம் நாள் உதயப்பூரில் பிறந்தமையால் உதயசங்கர் எனப் பெயர் பெற்றார். தந்தை சியாம் சங்கர் ஜாலவார் அரசரிடம் பணிபுரிந்த கல்விமான். மகன் முதலில் பயின்றது ஓவியம். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும், 1920 முதல் இலண்டன் இராயல் கலைக் கல்லூரியில் வில்லியம் ரோதன்ஸ்டைனிடமும் பயின்றார். அங்கே உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் கண்ணில் பட்டார். 1923இல் அவருக்காக 'இராதா-கிருஷ்ணன்', 'இந்துத் திருமணம்' என்னும் இரு ஆடல்களை அமைத்துத் தந்து, கிருஷ்ணனாகத் தாமே பாவ்லோவாவுடன் ஆடினார். "உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ" என்னும் பொருள்பட அவர் அறிவுறுத்த, இவர் தாயகம் திரும்பினார், குழு அமைத்தார், 1931இல் பாரிசையும், அடுத்து அமெரிக்காவையும் வென்றார். பின்னர் அல்மோராவில் கலைமையம் கண்டார். 'கல்பனா' என்னும் திரைப்படம் எடுத்தார். 1971இல் பத்ம விபூஷண் விருது பெற்று, 1977இல் கல்கத்தாவில் மறைந்தார்.

இக்கதையில் பொய் என்று ஒதுக்கத்தக்கது அதிகமில்லை. ஆயினும் இக்கதையின் எல்லா வினைச்சொற்களுக்கும் ஒருவரே எழுவாயாக நிற்கிறார். அமைத்தார், கண்டார், வென்றார், எடுத்தார் என்று தொடர் முழுவதும் ஒருமையில் ஓடுகிறது. திருத்தம் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

பாவ்லோவாவும் ஐந்து ஆண்டுகளும்

முதலில் பாவ்லோவா கதை. மேதை ஒருவர் இளைஞனைக் கண்டெடுத்து அறிவுரை கூறினார், அவன் திரும்பி வந்தான் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆண்டுகளை நிரல்பட வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. அவர் பாவ்லோவா குழுவை விட்டு நீங்கியது 1924இல். இந்தியாவுக்குத் திரும்பியது 1929இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் பாரிசில் கழிந்தன. இரவு விடுதிகளில் ஆடிப் பிழைத்த ஆண்டுகள் அவை. வயிற்றுக்கும் கலைக்கும் இடையே அல்லாடிய அக்காலத்தில்தான் அவர் தம் உடலைத் தாமே பழக்கிக்கொண்டார். மேலை நாட்டு அரங்கின் விளக்கொளி, உடை, காலக்கணக்கு ஆகியவற்றைக் கற்றார். பழைய கதை இவ்வைந்து ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிச் செல்கிறது. அறிவுரையால் பிறந்த கலைஞர் என்பதைக் காட்டிலும், துன்பத்தில் தேறிய கலைஞர் என்பதே உண்மைக்கு அருகிலிருக்கிறது. வேறு மண்ணில் பிழைப்பு நடத்தும் நமக்கு இவ்வேறுபாட்டை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

பாவ்லோவாவின் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது. அவர் தம் கீழைநாட்டுப் பயணத்தில் இந்தியாவைக் கண்டு சென்றவர். இந்தியப் பொருள் கொண்ட ஆடல்களைத் தேடிக்கொண்டிருந்தவர். எனவே, கொடுத்தவரும் பெற்றவரும் யார் என்று ஒருபக்கமாக முடிவு கட்ட இயலாது. மேலும், அவ்விரு ஆடல்களுக்கும் இசை அமைத்தவர் கோமலதா பானர்ஜி என்னும் இந்தியப் பெண்மணி. பாவ்லோவாவை நினைவில் வைத்திருக்கும் நாம் இவர் பெயரைக் கேட்டிருக்கிறோமா?

உடன் நின்றோர்

அடுத்து, குழு அமைத்த கதை. 1931 மார்ச்சு 3ஆம் நாள் பாரிஸ் ஷான்ஸ் எலிசே அரங்கில் அக்குழு முதன்முதலாக ஆடியது. அம்மேடைக்குப் பின்னால் அலிஸ் போனர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுச் சிற்பி நின்றார். 1926இல் சூரிச்சில் உதயசங்கரின் ஆடலைக் கண்டவர் அவர். பின்னர் இந்தியாவில் அவரோடு பயணம் செய்து, கலைஞர்களையும் இசைக்கருவிகளையும் திரட்டவும், குழுவை உருவாக்கவும் பொருளும் உழைப்பும் தந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் குழுவினின்றும் விலகிக் காசியில் தங்கிக் கோயிற் சிற்ப ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டார். 1974இல் பத்ம பூஷண் பெற்றார். பழைய நூல்கள் இவரை 'ஆதரவு தந்த அம்மையார்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டன. 1993இல் இவருடைய நாட்குறிப்புகள் அச்சில் வந்த பின்னரே, இவர் பணப்பையைத் திறந்தவர் மட்டுமல்லர், கண்ணைத் திறந்தவரும் ஆவார் என்பது பரவலாக உணரப்பட்டது. இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அச்சில் வந்த அந்நாட்குறிப்புகள் 1934 முதல் 1967 வரையிலானவை. குழு பிறந்து வளர்ந்த முதல் ஆண்டுகளுக்கு அவற்றை நேர்ச்சான்றாகக் கொள்ள இயலாது. திருத்தி எழுதுவோர் இவ்வரம்பை மறத்தல் ஆகாது.

சிம்கி என்னும் பெயரும் அவ்வாறே. சிமோன் பார்பியே என்பது அவர் இயற்பெயர். பிரெஞ்சுப் பெண், பியானோ பயின்றவர். பாரிசின் வறுமைக் காலத்திலேயே உதயசங்கரிடம் ஆடல் கற்று, பின்னர் பல ஆண்டுகள் அவருடைய முதன்மை இணையாக உலக மேடைகளில் ஆடினார். இந்தியப் பெண்ணென்றே அரங்கிலிருந்தோர் பலர் அவரை எண்ணினர். அல்மோரா மையத்திலும் அவர் கற்பித்தார். 1951இல் வெளிவந்த 'ஆவாரா' திரைப்படத்தின் புகழ்பெற்ற கனவு நடனத்தை அமைத்தவரும் அவரே. அக்கனவுக் காட்சியைக் கண்டு வியந்தோர் இலட்சக்கணக்கினர். அதை அமைத்தவரை அறிந்தோர் சிலரே.

இசையைச் சொல்லாமல் இக்குழுவைச் சொல்ல முடியாது. அலாவுதீன் கானின் மாணவரான திமிர் பரன், இந்திய இசைக்கருவிகளை மட்டுமே கொண்டு ஒரு வாத்தியக் குழுவை இயக்கினார். அவரை அடுத்து விஷ்ணுதாஸ் சிராலி அப்பொறுப்பை ஏற்றார். அலாவுதீன் கானும் 1935இல் குழுவோடு கடல் கடந்தார். பத்து வயதில் அண்ணனோடு பாரிஸ் சென்ற இளையவர் இரவிசங்கர், ஆடலை விட்டுச் சித்தாரை எடுக்க அம்மேதையின் நெருக்கமே காரணமாயிற்று.

கற்பித்தோர்

"எம்மரபிலும் முறையாகப் பயிலாமலேயே தமக்கென ஒரு நடனத்தைப் படைத்தவர்" என்று உதயசங்கரைப் புகழ்வோர் உளர். அதையே சொல்லி இகழ்வோரும் உளர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். அவர் இளமையில் ஒரு குருவிடம் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பயிலவில்லை என்பது மெய்யே. ஆனால் கற்றுக்கொள்வதை அவர் என்றும் நிறுத்தவில்லை. உலகப் புகழ் பெற்ற பின்னரும் கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியை வணங்கிக் குருவாக ஏற்றார்.

1930களின் இறுதியில், இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹால் நிறுவனத்தைச் சார்ந்த எல்ம்ஹர்ஸ்ட் குடும்பத்தாரின் உதவியுடன் இமயமலைச் சாரலில் அல்மோரா கலைமையம் உருவாயிற்று. அங்கே கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரி ஆடலுக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான், பரதநாட்டியத்திற்குக் கந்தப்பா பிள்ளை எனப் பெரும் ஆசான்கள் ஒருங்கே கூடினர்.

கந்தப்பா பிள்ளை யார் என்பதைத் தமிழர்களாகிய நாம் அறிதல் வேண்டும். தஞ்சை நால்வர் மரபில் வந்த நட்டுவனார் அவர். பாலசரசுவதியை ஆளாக்கிய ஆசான் அவரே. 1925இல் காஞ்சிபுரத்தில் அச்சிறுமியின் அரங்கேற்றம் நிகழ்ந்ததும் அவர் பயிற்சியின் பயனே. சென்னையில் பாலசரசுவதியின் ஆடலைக் கண்டு வியந்த உதயசங்கர், அவ்வாடலுக்கு மூலமாயிருந்தவரையே அல்மோராவிற்கு அழைத்துக்கொண்டார். உதயசங்கர் வரலாற்றில் இஃது ஒரு வரவு. "பரதநாட்டியத்திற்கும் தக்க ஆசான் கிடைத்தார்" என்று ஒரு வரியில் எழுதி மகிழலாம். பாலசரசுவதியின் வரலாற்றிலோ இது பெரிய செலவு. இருபது வயதை ஒட்டிய அந்நங்கை, வசையும் எதிர்ப்பும் சூழ்ந்திருந்த காலத்தில், தம் ஆசானை அருகில் இல்லாமல் நின்றார். ஒரே நிகழ்ச்சி இரு வரலாற்றில் இருவேறு பத்தியில் பதிவாகிறது. ஒரு நூலை மட்டும் படிப்பவர்க்குக் கணக்கு நேராகத் தோன்றும். இரண்டையும் வைத்துப் பார்ப்பவர்க்கே அதன் விலை தெரியும். திருத்தி எழுதும் ஆசிரியர் இரண்டையும் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

தாமே சொன்ன வரலாறு

உதயசங்கரின் வரலாற்றை முதலில் திருத்தியவர் உதயசங்கரே எனலாம். அல்மோரா மையம் 1940களின் நடுவில் மூடப்பட்டது. போர் வெளிநாட்டுப் பயணங்களையும் உதவியையும் தடுத்தது. உள்ளே கருத்து வேறுபாடுகள் தோன்றின. திரைப்படம் எடுக்கும் வேட்கையும் அவரை ஈர்த்தது. இவற்றுள் ஒன்றையே காரணமாக்கி, 'பணமின்மை' என்றோ 'அவருடைய பிடிவாதம்' என்றோ முடிப்பது எளிது. ஆனால் அது நேர்மையாகாது.

அதன்பின் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் உருவாக்கி, 1948இல் வெளியிட்ட 'கல்பனா' படத்தில் அவர் தம் கதையையே வேறு பெயரில் சொன்னார். நாயகன் உதயன் ஒரு நடனக் கலைஞன். மலைச்சாரலில் கலாகேந்திரம் ஒன்றை நிறுவுகிறான். கதை முழுவதும், படமுதலாளி ஒருவரிடம் எழுத்தாளர் ஒருவர் சொல்லும் கதையாக அமைந்துள்ளது. முதலாளி அதை ஏற்கவில்லை. தம் கனவை உலகம் மறுத்துவிட்டது என்னும் மனக்குறையை இதைவிட வெளிப்படையாக ஒருவர் சொல்ல இயலாது. கே. ராம்நாத் ஒளிப்பதிவு செய்த இப்படத்தில் உதயசங்கரின் துணைவியார் அமலா நாயகியாக ஆடினார். நம் பத்மினி திரையில் முதலில் தோன்றியதும் இதில்தான்.

'கல்பனா'வைச் சான்றாகக் கொள்வோர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். அது மெய்வரலாறு அன்று. ஒரு மனிதர் தம் வாழ்வை எவ்வாறு நினைத்துப் பார்க்க விரும்பினார் என்பதற்கான சான்று. அவ்வகையில் அதன் மதிப்பு பெரிது. நெடுங்காலம் காணக் கிடைக்காமலிருந்த இப்படம் புதுப்பிக்கப்பெற்று 2012இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. தொண்ணூறு வயது கடந்த அமலா அவ்விழாவில் கலந்துகொண்டார். 2020இல் தம் 101ஆம் வயதில் மறையும் வரை, அவரே அவ்வரலாற்றின் உயிருள்ள சாட்சியாக விளங்கினார்.

நூல்கள் செய்ததும் செய்யாததும்

உதயசங்கர் மறைந்தபின் வந்த நூல்களுள் மோகன் கோகர் 1983இல் எழுதிய வரலாறு முதன்மையானது. கோகர் கலாட்சேத்திரத்தில் பயின்றவர். நடனம் பற்றிய படங்களையும் தாள்களையும் வாழ்நாள் முழுவதும் சேகரித்தவர். ஆவணத்தின் அருமை தெரிந்தவர் எழுதிய நூல் என்பதே அதன் வலிமை. 2004இல் அசோக் குமார் முகோபாத்யாய் எழுதிய நூலின் தலைப்பே உதயசங்கரை இருபதாம் நூற்றாண்டின் நடராசர் என்கிறது. நாயகரைத் தெய்வமாக்கிவிட்டால், அவர் பக்கத்தில் மனிதர்கள் நிற்க இடம் குறுகிவிடும் என்பது நம் அச்சம். அமெரிக்க ஆய்வாளர் ஜோன் எர்ட்மன் 1987இல் எழுதிய கட்டுரை, மேலைநாட்டு மேடையில் உதயசங்கர் செய்ததை ஒரு மொழிபெயர்ப்பாகக் கண்டது. இது நல்ல பார்வை. மொழிபெயர்ப்பாளர் மூலநூலாசிரியரும் அல்லர், வெறும் படியெடுப்பவரும் அல்லர். 2022இல் ஊர்மிமாலா சர்க்கார் முன்சி வெளியிட்ட நூலும் பல பண்பாடுகள் கலந்த ஒரு சோதனை முயற்சியாகவே அவர் வாழ்வைக் காண்கிறது. 1997இல் வந்த சோரா சேகலின் நினைவுநூலோ குழுவின் உள்ளிருந்து பேசுகிறது. 1935இல் குழுவில் சேர்ந்த அவர், அறையையும் ஒப்பனையையும் பகிர்ந்துகொண்டவரின் கண்ணால் எழுதுகிறார்.

ஆயினும் திருத்தம் என்ற பெயரில் நாயகரையே கரைத்துவிடுதலும் பிழை. அண்மைக் காலத்தில் அப்போக்கும் தலைகாட்டுகிறது. பணம் ஒருவருடையது, இசை மற்றொருவருடையது, அடவுகள் ஆசான்களுடையவை என்று பிரித்துக்கொண்டே போனால், எஞ்சுவது ஒரு பெயர்ப்பலகை மட்டுமே என்று தோன்றிவிடும். அது மெய்யன்று. சிற்பத்தையும் ஓவியத்தையும் அசைவாக மாற்றிய கண் அவருடையது. தொழிலாளியையும் இயந்திரத்தையும் ஆடற்பொருளாக்கி 'உழைப்பும் இயந்திரமும்' படைத்த துணிவு அவருடையது. அல்மோராவின் பொது வகுப்பில் மாணவர்களை நடக்கவும் உற்று நோக்கவும் கற்பனை செய்யவும் பழக்கிய முறை அவருடையது. அதன் விளைவை இந்தியா முழுதும் கண்டது. சாந்தி பர்தன் மக்கள் நாடக மன்றத்திலும் பின்னர்த் தம் சொந்தக் குழுவிலும், நரேந்திர சர்மா தில்லியிலும், சச்சின் சங்கர் பம்பாயிலும், குரு தத் திரையுலகிலும் அவ்வித்தைத் தத்தம் நிலத்திற்கேற்ப வளர்த்தனர். ஒருவர்கூடத் தம் ஆசானைப் படியெடுக்கவில்லை என்பது அவ்வாசானுக்குப் பெருமை.

கோப்புகளோடு நாள்தோறும் பழகும் நம்மில் பலர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. ஆணையின் அடியில் ஒப்பமிடுபவர் ஒருவரே. குறிப்பு எழுதியவர், வரைவு அமைத்தவர், பிழை திருத்தியவர் பெயர்கள் ஆணையில் இரா. ஆனால் கோப்பைப் புரட்டினால் ஒவ்வொருவர் சுருக்கொப்பமும் ஓரத்தில் நாளிட்டுக் காணப்படும். ஆணைக்குப் பொறுப்பேற்பவர் ஒப்பமிட்டவரே. அது தவறினால் கேள்வி அவரைத்தான் சாரும். எனவே அவர் பெயர் அடியில் இருப்பது நியாயம். ஓரத்துச் சுருக்கொப்பங்களைக் கிழித்தெறிவதுதான் அநியாயம். உதயசங்கர் தம் குழுவின் வெற்றிக்கும் தோல்விக்கும் பொறுப்பேற்று ஒப்பமிட்டவர். அல்மோரா மூடப்பட்டபோது பழி சுமந்தவரும் அவரே. அவர் பெயரை அடியிலேயே வைத்துக்கொள்வோம். ஓரத்தில் அலிஸ் போனர், சிம்கி, கோமலதா பானர்ஜி, திமிர் பரன், சங்கரன் நம்பூதிரி, அமோபி சிங், கந்தப்பா பிள்ளை ஆகியோரின் ஒப்பங்களும் அழியாமல் இருக்கட்டும்.

முடிவாக ஒன்று. நம் சங்கங்களின் மேடைகளில் ஆண்டுதோறும் நம் பெண் குழந்தைகள் அரங்கேறுகின்றனர். அழைப்பிதழில் குழந்தையின் படம் பெரிதாக அச்சாகிறது, அதில் தவறில்லை. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், குழல் என்று கீழே சிறிய எழுத்தில் சில பெயர்கள் இருக்கும். அவற்றையும் நிறுத்திப் படிக்கும் பழக்கம் நமக்கு வருமாயின், கலைஞர் வரலாறுகளைத் திருத்தி எழுதும் தேவையே பின்னாளில் குறைந்துவிடும். இளங்கோவடிகள் தம் காலத்து ஆசான்களின் பெயர்களை நமக்குத் தரவில்லை. அவர்தம் திறத்தை மட்டுமே தந்தார். நம் காலத்து ஆசான்களுக்குப் பெயர்களும் உண்டு. அவற்றைக் காப்பது நம் கையில் உள்ளது.